வகுப்பறைத் தோட்டம்: மண் தொட்டியா, ஊட்டக் கரைசலா?

வகுப்பில் செடி வளர்த்து ஓர் அறிவியல் செயல்திட்டம் செய்வதென்று முடிவானதும் எல்லோரும் கேட்பது, "எதில் வேகமாக வளரும், மண்ணிலா ஹைட்ரோபோனிக்ஸிலா?" என்பதுதான். (ஹைட்ரோபோனிக்ஸ் என்பது மண் இல்லாமல் ஊட்டக் கரைசலில் செடி வளர்ப்பது.) இந்தக் கேள்வியை வைத்துத் தேர்ந்தெடுத்தால் பாதி வழியில் சிக்கல் வரும். ஒளி, வெப்பம், ஊட்டம், வேருக்குக் காற்று ஆகிய நான்கும் சரியாக அமைந்தால் இரண்டு முறையிலும் செடி செழிக்கும். ஒன்று குறைந்தாலும் இரண்டிலும் நோஞ்சானாகத்தான் நிற்கும். உண்மையில் தீர்மானிக்க வேண்டியவை வேறு இரண்டு: மாணவர்கள் எதைக் கண்டறியப் போகிறார்கள் என்பது ஒன்று, சனி ஞாயிறுகளில் செடியை யார் பார்ப்பார்கள் என்பது இன்னொன்று.

வேகப் பந்தயம் பழைய கதை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரிக்கே தண்ணீர்த் தொட்டியில் தக்காளி வளர்த்துக் காட்டி, 1937இல் 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். விவசாயமே இனித் தண்ணீருக்கு மாறிவிடும் என்று பேச்சு கிளம்பியது. அதே பல்கலைக்கழகத்தில் ஹோக்லண்டும் ஆர்னனும் இதைச் சோதித்து 1938இல் தந்த முடிவு நிதானமானது: நல்ல மண்ணின் விளைச்சலைவிடக் கரைசலின் விளைச்சல் மேலானதல்ல. இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் கலக்கப்படும் ஊட்டக் கரைசலுக்கு ஹோக்லண்டின் பெயர்தான். அவரே இப்படிச் சொன்னார் என்பதை மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

மண் பொறுக்கும், கரைசல் பொறுக்காது

இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை ஒரே வகுப்பு நேரத்தில் கண்ணால் காட்டிவிடலாம். ஒரு குவளையில் 50 கிராம் உலர்ந்த தோட்டமண்ணையும் 100 மில்லி காய்ச்சி வடித்த நீரையும் கலக்குங்கள். இன்னொன்றில் 100 மில்லி ஊட்டக் கரைசலை எடுங்கள். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளை நனைத்து (எண் குறைந்தால் அமிலம் கூடுதல்) இரண்டின் அளவையும் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் 1 மில்லி வெள்ளை வினிகர் விட்டுக் கலக்கி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கரைசலின் பிஎச் 4க்கும் கீழே விழுந்திருக்கும். மண் கலந்த நீரில் அவ்வளவு பெரிய சரிவு இருக்காது. களிமண் துகள்களும் மக்கிய பொருளும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் போன்ற அயனிகளை அவை தம் மேல் பிடித்து வைத்திருக்கின்றன. அமிலம் வந்தால் ஹைட்ரஜன் அயனியை வாங்கிக்கொண்டு அவற்றை வெளியே விடுகின்றன. இந்தக் கொடுக்கல் வாங்கல் கரைசலில் கிடையாது. (மணற்பாங்கான மண்ணை எடுத்தால் வித்தியாசம் குறைவாகத் தெரியும். அதுவும் ஒரு பாடம்தான்.)

உரம் கொஞ்சம் கூடினாலும் ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் மண் தாங்கிக்கொள்ளும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறதென்று சொல்லாது. கரைசலில் செய்த தவறு இரண்டு மூன்று நாளில் இலையில் தெரிந்துவிடும், காரணத்தையும் அளந்து பிடிக்கலாம். ஆசிரியர் யோசிக்க வேண்டியது இந்த இடத்தில்தான்: உங்கள் வகுப்புக்கு இப்போது வேண்டியது பொறுத்துக்கொள்ளும் ஊடகமா, காட்டிக்கொடுக்கும் ஊடகமா?

மண் வழி

15 செ.மீ. விட்டமுள்ள தொட்டி ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் கலவை பிடிக்கும். தோட்டமண் 2 பங்கு, நன்கு மக்கிய உரம் 1 பங்கு, கரடுமுரடான மணல் அல்லது கழுவிய தென்னைநார்த் தூள் 1 பங்கு. தோட்டமண்ணை மட்டும் நிரப்பினால் நான்கைந்து முறை தண்ணீர் ஊற்றியதுமே இறுகிக் கட்டியாகிவிடும். நிலத்தில் மண்புழுவும் வேர்களும் செய்துவைக்கும் துளைகள் தொட்டிக்குள் இருக்காது. நார்த் தூளைக் கழுவச் சொல்வது அதில் உப்பு தங்கியிருக்கும் என்பதால்.

தொட்டியின் அடியில் சரளைக்கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலரும் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறானது. நுண்ணிய துளைகளில் தங்கிய நீர் பெரிய துளைகளுக்குள் எளிதில் இறங்காது. சரளைக்கு மேலேயே ஈரம் தேங்கி, வேர் நிற்கும் இடம் வரை ஏறிவிடும். கீழே துளை இருந்தால் போதும், கலவை வெளியே போகாமல் ஒரு துண்டு வலை வையுங்கள்.

மண் தொட்டிகள் பெரும்பாலும் வறட்சியில் சாவதில்லை, அன்பு மிகுந்து சாகின்றன. வகுப்பில் முப்பது பேர் இருந்தால் முப்பது பேருக்கும் தண்ணீர் ஊற்ற ஆசை. துளைகளெல்லாம் நீரால் நிறைந்து வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போகும், அடியிலைகள் மஞ்சளாகும், செடி துவளும். துவண்டதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவார்கள். இதற்கு நல்ல மருந்து சமையலறைத் தராசு. முதல் முறை முழுதாக நனைத்து, வடியவிட்டு, எடையைத் தொட்டியின் மேலேயே எழுதிவையுங்கள். அந்த எடையிலிருந்து 200 கிராம் குறைந்த பிறகுதான் அடுத்த தண்ணீர், அதுவும் 200 மில்லி மட்டும். 1 கிராம் என்றால் 1 மில்லி என்பதால் தண்ணீர்க் கணக்கும் தானாகக் கிடைத்துவிடும். எடைபோடும் பொறுப்பு நாளுக்கு ஒருவரிடம் இருக்கட்டும்.

முளைத்த ஒரு வாரத்துக்குள் நாற்றின் தண்டு மண்மட்டத்தில் நூலாக மெலிந்து சாய்ந்தால், அது நாற்றழுகல். நெருக்கமான விதைப்பும் ஓயாத ஈரமும் பூஞ்சையை அழைக்கின்றன. சிறிய கறுப்பு ஈக்கள் மொய்த்தால் மேல்மண் காயவே இல்லை என்று பொருள். மேல் 2 செ.மீ. காயும்வரை தண்ணீரை நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கரைசல் வழி

ஹைட்ரோபோனிக்ஸ் என்றதும் குழாய்களும் பம்பும் ஓடும் அமைப்புதான் பலர் மனதில் வருகிறது. வகுப்பறைக்கு அது வேண்டாம். மெல்லிய நீரோட்டத்தில் வளரும் செடிக்குக் கையிருப்பு நீரே கிடையாது. பம்பு நின்றால் சில மணி நேரத்தில் வாடிவிடும், அதுவும் வெள்ளிக்கிழமை மாலையில் நின்றால் திங்கள்கிழமை பார்க்க ஒன்றும் இருக்காது. மீன்தொட்டிக் காற்றுப் பம்பு வைத்த வாளி கொஞ்சம் பரவாயில்லை. எங்கள் பரிந்துரை, ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரப்பிய பம்பில்லா முறை: ஒரு செடிக்கு ஒரு குடுவை.

3 முதல் 4 லிட்டர் கொள்ளும், வாய் அகன்ற, மூடியுள்ள குடுவை எடுங்கள். மூடியில் 5 செ.மீ. நெட் பாட் (வேர் வெளியே வரத் துளைகள் உள்ள சிறு பிளாஸ்டிக் கிண்ணம்) விளிம்பில் தொங்கும் அளவுக்குத் துளை போடுங்கள். துளை பெரிதாகிவிட்டால் பாட் உள்ளே விழும், இடைவெளி இருந்தால் கொசு முட்டையிடும். குடுவையைக் கறுப்புத் தாளால் சுற்றி, அதற்கு மேல் வெள்ளைத் தாளைச் சுற்றுங்கள். கறுப்பு பாசியைத் தடுக்கும், வெள்ளை சூட்டைத் தடுக்கும். உறையைக் கழற்றி மாட்டும்படி செய்தால் வேரைப் பார்க்கவும் நீர்மட்டம் குறிக்கவும் வசதி.

10 லிட்டர் கரைசலுக்கு: நுண்ணூட்டங்களும் சேர்ந்த 4-18-38 வகை ஹைட்ரோபோனிக் உரம் (எண்கள் முறையே நைட்ரஜன், பாஸ்பேட், பொட்டாஷ் சதவீதம்) 6 கிராம், மெக்னீசியம் சல்பேட் 3 கிராம், கால்சியம் நைட்ரேட் 6 கிராம். முதல் இரண்டையும் 9 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்துவிட்டு, கால்சியம் நைட்ரேட்டைத் தனியாக 1 லிட்டரில் கரைத்துக் கடைசியில் சேர்க்க வேண்டும். மூன்றையும் சிறிதளவு நீரில் ஒன்றாகக் கொட்டினால் கால்சியம் சல்பேட்டும் பாஸ்பேட்டும் வெண்மையாகப் படிந்துவிடும். படிந்தது செடிக்குப் பயன்படாது. பிஎச் 5.5 முதல் 6.5க்குள் இருக்கட்டும். அதற்கு மேலே போனால் இரும்பு கிடைப்பது குறைந்து, தளிர் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக வெளுக்கும். பிஎச்சைக் குறைக்க எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டால் ஓரிரு நாளில் பழைய இடத்துக்கே ஏறிவிடும், ஏனென்றால் அந்தக் கரிம அமிலங்களை நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. நீர்த்த பாஸ்பாரிக் அமிலம் நிலையானது. ஆனால் அதை ஆசிரியர்தான் கையாள வேண்டும், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து.

குடுவையில் கரைசல் நெட் பாட்டின் அடியை 1 செ.மீ. நனைக்கும் அளவுக்கு இருக்கட்டும். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும், இடையில் ஈரக் காற்று நிறைந்த வெளி உண்டாகும். உறையைக் கழற்றிப் பார்த்தால் வேர் இரண்டு விதமாகத் தெரியும். மேலே பஞ்சு போல மயிரடர்ந்த வெண்வேர்கள் காற்றில் தொங்கும், கீழே வழுவழுப்பான நீண்ட வேர்கள் நீரில் கிடக்கும். மேல்வேர் ஆக்சிஜன் வாங்குகிறது, கீழ்வேர் நீரும் ஊட்டமும் வாங்குகிறது. மாணவர்கள் செய்யும் பெரிய தவறு இங்கேதான்: மட்டம் இறங்கிவிட்டதே என்று கழுத்துவரை நிரப்பிவிடுவார்கள். காற்றுக்குப் பழகிய வேர் மூழ்கி மூச்சு முட்டும். தண்ணீர் நிறைய இருந்தும் செடி மறுநாளே துவளும். நிரப்பியே ஆக வேண்டுமென்றால் பாதிக் குடுவைக்கு மேல் போகக் கூடாது.

அடுத்த எதிரி வெப்பம். 20 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும், 30 டிகிரியில் 7.5தான். சூடு ஏறினால் வேரின் தேவையோ கூடும். அந்த நெருக்கடியில் பித்தியம் என்ற நோய்க்கிருமி நுழைந்து, வேர் பழுப்பாகி, தொட்டால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்து நடுநரம்பு மட்டும் மிஞ்சும். நாற்றமும் அடிக்கும். அந்தச் செடியைக் காப்பாற்ற முயல வேண்டாம். அகற்றிவிட்டு, குடுவையை நேர்வெயில் படாத இடத்துக்கு மாற்றுங்கள்.

எந்தக் கேள்விக்கு எது

ஊட்டச்சத்துக் குறைபாடு பற்றிய திட்டம் என்றால் யோசிக்கவே வேண்டாம், கரைசல்தான். மண்ணில் எந்தத் தனிமத்தையும் முழுதாக நீக்க முடியாது, கரைசலில் ஓர் உப்பை எடுத்துவிட்டால் போதும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. நைட்ரஜன் குறைபாட்டைக் காட்டக் கால்சியம் நைட்ரேட்டை வெறுமனே விட்டுவிட்டால் கால்சியமும் சேர்ந்து போய்விடும், எதனால் வந்த அறிகுறி என்று சொல்ல முடியாது. 10 லிட்டருக்கு 6 கிராம் கால்சியம் நைட்ரேட்டுக்குப் பதிலாக, ஒரு மூலக்கூறுக்கு இரண்டு நீர் கொண்ட கால்சியம் குளோரைடு 4.2 கிராம் சேர்த்தால் கால்சியம் அதே அளவில் நிற்கும். நைட்ரஜன் மட்டும் லிட்டருக்குச் சுமார் 117 மில்லிகிராமிலிருந்து 24க்கு இறங்கும்.

அறிகுறி எங்கே தோன்றுகிறது என்பதுதான் இதில் மிக அழகான பகுதி. நைட்ரஜன், மெக்னீசியம் குறைந்தால் முதுஇலைகள் முதலில் மஞ்சளாகும், செடி அங்கிருந்து எடுத்துத் தளிருக்கு அனுப்பிவிடுவதால். இரும்பும் கால்சியமும் அப்படி நகராதவை. அவை குறைந்தால் அடிபடுவது இளந்தளிர். இலை மஞ்சளானதும் "எந்த இலை?" என்று கேட்கப் பழகிய மாணவர், செடிக்குள் போக்குவரத்து நடப்பதைப் புரிந்துகொண்டுவிட்டார். இச்சோதனைக்குப் பெரிய விதைகள் வேண்டாம். பீன்ஸ் விதையிலையில் இருக்கும் சேமிப்பே பல நாள் தாங்கும். லெட்யூஸ் (சாலட் கீரை) போன்ற சிறுவிதைகள் சீக்கிரம் பதில் சொல்லும். குழாய்நீரில் கால்சியமும் மெக்னீசியமும் கலந்திருக்கலாம் என்பதால் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள்.

மறுபக்கம், மண்ணில் மட்டுமே கேட்கக்கூடிய கேள்விகள் நிறைய. இலைச்சருகு எத்தனை நாளில் மக்குகிறது? மண்புழு இருந்தால் நீர் வடியும் வேகம் மாறுகிறதா? அவரைக் குடும்பச் செடியை ஆறேழு வாரத்தில் பிடுங்கி, வேர்முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பயன்படும்படி மாற்றும் ரைசோபியம் பாக்டீரியா வேலை செய்கிறது. அந்த நிறம் நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதத்தால் வருவது. நைட்ரேட் நிறைந்த கரைசலில் இதைக் காண்பது கடினம். கேட்காமலே நைட்ரஜன் கிடைக்கும்போது செடி முடிச்சுக்குச் செலவழிப்பதில்லை.

நீர்ச் சிக்கனம் பற்றிய திட்டத்துக்கு இரண்டும் வேண்டும். மண்ணிலிருந்து ஆவியாகும் நீரைச் செடி குடித்ததாகக் கணக்கிட்டுவிடாமல் இருக்க, செடியில்லாத ஒரு மண் தொட்டியும் செடியில்லாத ஒரு குடுவையும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால்

உரம் கலந்த மண் தொட்டி ஒன்று, கரைசல் குடுவை ஒன்று என்று வைத்து உயரம் அளப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. இதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஊட்டத்தின் அளவு, நீர், வேருக்குக் காற்று எல்லாமே ஒரே நேரத்தில் மாறியிருக்கின்றன. மூன்றாவது குழு ஒன்று சேர்த்தால் இது தீரும்: நன்கு கழுவிய கரடுமுரடான மணலில் செடி நட்டு, அதற்கும் அதே ஊட்டக் கரைசலைத் தினமும் வடியும்வரை ஊற்றுவது. மணலையும் குடுவையையும் ஒப்பிட்டால் ஊட்டம் ஒன்று, ஊடகம் வேறு. மணலையும் மண்ணையும் ஒப்பிட்டால் இரண்டிலும் வேர் துகள்களுக்கிடையே நிற்கிறது, ஊட்டம் வரும் வழி வேறு.

குழுவுக்குக் குறைந்தது ஐந்து செடி. ஆறு செடிகளை ஒரே வாளியில் வைத்தால் அது ஆறு சோதனை ஆகாது, ஒன்றுதான். வாளி கெட்டால் ஆறும் சேர்ந்து கெடும். தனித்தனிக் குடுவைகளைச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

எல்லா நாற்றையும் ஒரே மாதிரி 2.5 செ.மீ. நுரைத் துண்டில் முளைக்க வையுங்கள். மண்ணில் முளைத்த நாற்றைக் கழுவிக் குடுவைக்கு மாற்றினால் மெல்லிய வேர்கள் அறுந்துவிடும், கிருமியும் கூடவே வரும். இந்தச் சோதனைக்கு லெட்யூஸ் ஏற்றது. அதன் விதை 30 டிகிரிக்கு மேல் உறங்கிப்போகும் என்பதால் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும், ஆழப் புதைக்கக் கூடாது. மூன்று முதல் ஐந்து நாளில் முளைத்து, 10 முதல் 14 நாளில் இரண்டு மூன்று உண்மையிலைகள் (விதையிலைகளுக்குப் பின் வருபவை) வந்ததும் ஒரே நாளில் மூன்று குழுவுக்கும் நடுங்கள். முள்ளங்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மண்ணில் 25 முதல் 30 நாளில் அருமையாக வரும், குடுவையில் கிழங்கு சரியாகத் திரளாது.

ஜன்னலோர ஒளியை நம்பினால் முடிவு பாழாகும். கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளினாலே ஒளி வெகுவாகக் குறைந்துவிடும். வெள்ளை எல்ஈடி விளக்கை இலைக்கு மேல் 20 முதல் 30 செ.மீ. உயரத்தில் வைத்து, டைமரில் நாளுக்கு 14 மணி நேரம் எரியவிடுங்கள். குடுவை உயரமானது, தொட்டி குட்டையானது. அடியில் கட்டை வைத்து இலைகள் ஒரே மட்டத்தில் இருக்கும்படி செய்யாவிட்டால் குடுவைச் செடிகள்தான் ஜெயிக்கும், விளக்குக்குப் பக்கத்தில் இருப்பதால். வாரம் இருமுறை இடம் மாற்றி வையுங்கள். உயரத்தை மட்டும் அளக்காதீர்கள். ஒளி போதாத செடிதான் நெடுநெடுவென்று உயரும். இலை எண்ணிக்கையும், இலையை வரைபடத் தாளில் வைத்து வரைந்து எண்ணிய பரப்பும் நம்பத் தகுந்தவை.

எந்த வகுப்புக்கு எது

பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு மண். தயக்கமே இல்லை. கையை மண்ணில் வைத்து, விதையை விதைத்து, புழுவைப் பார்ப்பதற்கு ஈடாக ஒன்றுமில்லை. பீன்ஸும் முள்ளங்கியும் போதும். பதினொன்று முதல் பதின்மூன்று வரை தயார்நிலைக் கரைசல் ஊற்றிய குடுவைகள் நான்கைந்தும் சில மண் தொட்டிகளும் வைத்து வேர்களை ஒப்பிடலாம். அதற்கு மேல் உள்ளவர்கள் உப்புகளை எடைபோட்டு, பிஎச் குறித்து, குறைபாட்டுச் சோதனையே செய்யலாம். அதற்கு 0.1 கிராம் வரை காட்டும் தராசு இல்லையென்றால் கரைசல் திட்டத்தைத் தொடவேண்டாம்.

விடுமுறை கணக்கு இதையெல்லாம் மாற்றக்கூடும். நனைத்த மண் தொட்டி இரண்டு மூன்று நாள் தாங்கும். பத்து நாள் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கு நிறைத்த கிராட்கி குடுவைதான் ஏற்றது, இளஞ்செடியாக இருந்தால் யாரும் தொடாமலே வளர்ந்திருக்கும். மணல் குழுவுக்குத்தான் தினமும் ஆள் வேண்டும். ஆகவே மூன்று குழுச் சோதனையை நீண்ட விடுமுறை குறுக்கிடாத ஆறேழு வாரத்தில் வையுங்கள்.

அறுவடை நாளில் தண்டை மண்மட்டத்தில், குடுவையில் நுரை மட்டத்தில் வெட்டி, வாடுவதற்குள் எடை போடுங்கள். லெட்யூஸில் 95 சதவீதம் தண்ணீர்தான். ஆகவே உலர் எடையும் வேண்டும்: காகித உறையில் இட்டு 70 டிகிரி அடுப்பில் 48 மணி நேரம், அல்லது அடுத்தடுத்த இரண்டு நாள் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தலாம். குடித்த தண்ணீரை உலர் எடையால் வகுத்தால், ஒரு கிராம் செடிக்கு எத்தனை மில்லி என்ற எண் கிடைக்கும். வேர் எடையை ஒப்பிட வேண்டாம், மண்ணிலிருந்து கழுவும்போது மெல்லிய வேர்கள் போய்விடுகின்றன. ஒவ்வொரு செடியையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக வையுங்கள். மூன்று குழுப் புள்ளிகளும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தால், வேறுபாடு தெரியவில்லை என்று எழுதுவதுதான் சரியான விடை, அதற்கு மதிப்பெண்ணும் குறையக் கூடாது.

மிஞ்சிய கரைசலைச் சம அளவு நீர் சேர்த்துத் தோட்டத்துச் செடிகளுக்கு ஊற்றிவிடலாம். குளத்திலோ ஓடையிலோ கொட்டினால் பாசி பெருகும். குடுவைகளை ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்துப் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவுங்கள். பிஎச் குறைக்கும் அமிலப் புட்டி அந்த நேரத்தில் அலமாரியில் பூட்டியே இருக்கட்டும், பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மண் கலவையை வெயிலில் பரப்பிக் காயவிட்டு, மூன்றில் ஒரு பங்கு புது மக்கு உரம் சேர்த்தால் அடுத்த வகுப்புக்கு ஆகும்.